பதிவேடும் வாசலும்: மேக விபரக்கொத்தில் கணினிகளைப் பதிவுசெய்வதற்கான வலையிணைப்புச் சோதனை பற்றி ஒரு நோக்கு

1

'கணினியைப் பதிவுசெய்தல்' என்னும் தொடர் கடந்த சில ஆண்டுகளாக எமது கல்வி நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் பெருவழக்காகியுள்ளது. முன்னர் ஒரு கணினியை வாங்கி மேசையில் வைத்து மின்னிணைப்புக் கொடுத்தால், அது வேலைக்குத் தயாரானதாகக் கருதப்பட்டது. இன்று அவ்வாறில்லை. நிறுவனத்தின் கோப்புகளையும் மின்னஞ்சலையும் அக்கணினி தொட வேண்டுமாயின், அது அந்நிறுவனத்துக்கு உரியதே என்று தொலைவிலுள்ள ஒரு பதிவேடு சாட்சி கூறவேண்டிய நிலை பல இடங்களில் ஏற்பட்டுள்ளது. அப்பதிவேடு கல்முனையிலும் இல்லை; கொழும்பிலும் இல்லை; வெளிநாட்டுத் தரவு நிலையங்களில் இருக்கிறது. அதனை எட்டும் வழி திறந்துள்ளதா என்று முன்கூட்டியே அறிந்துகொள்வதே வலையிணைப்புச் சோதனை எனப்படுகிறது.

இது கணினிப் பொறியியலாளருக்கு உரிய விடயம், சமூகத்தையும் இலக்கியத்தையும் ஆராய்வோருக்கு இதில் என்ன அக்கறை என்று வினவப்படலாம். நியாயமான வினாவே. ஆயின் பதிவேடு என்பது எக்காலத்திலும் வெறும் எழுத்துக் கருவியாக இருந்ததில்லை என்பதை வரலாறு அறிந்தோர் மறுக்கமாட்டார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்நாட்டில் தோம்புகளை எழுதுவித்தது, மக்களை அறிந்துகொள்ளும் ஆவலால் அன்று. வரியையும் ஊழியத்தையும் பெறுவதற்காகவே. சுதந்திரத்தின் பின்னர் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டமும், 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையும் குடிமக்களை ஒரு மையப் பதிவேட்டின் கீழ்க் கொண்டுவந்தன. யுத்த காலத்தில் அந்த அட்டையின் பொருள் யாது என்பதைக் கிழக்கு மாகாணத்தில் வாழ்ந்தோருக்கு விளக்கவேண்டியதில்லை.

பதிவேடு எங்கே வைக்கப்பட்டுள்ளது, அதனிடம் செல்லும் வழி யார் கையில் உள்ளது என்னும் கேள்விகளும் இக்கரையோரத்துக்குப் புதியன அல்ல. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, அதன் கச்சேரி உள்நாட்டில் அம்பாறை நகரில் அமைந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கரையோரமாகத் தொடுக்கப்பட்ட தமிழ்பேசும் ஊர்களின் மக்கள் மாவட்ட மட்டக் கருமங்களுக்கு அங்கேயே செல்லவேண்டியதாயிற்று. தூரம் பெரிதன்று, எனினும் அங்கே எந்த மொழியில் பேசுவது, யாரிடம் பேசுவது என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் தூரம் நீண்டுவிடும். கரையோர மாவட்டக் கோரிக்கையின் பின்னணியில் இவ்வனுபவமும் உண்டு. எனவே பதிவேட்டை எட்டும் வழி பற்றிய வினா, நாம் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்த வினாவின் புதிய வடிவம் எனக் கொள்வதில் தவறில்லை.

இக்கட்டுரை முதலில் மேக விபரக்கொத்து யாது என்பதையும், அதில் ஒரு கணினி எவ்வாறு பதியப்படுகிறது என்பதையும், அதற்கான சோதனை எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதையும் விளக்கும். பின்னர் இவ்வமைப்பின் சமூக உள்ளடக்கத்தை நோக்கும்.

2

'விபரக்கொத்து' என்ற சொல்லைத் தொலைபேசி விபரக்கொத்து என்னும் வழக்கினூடாக நாம் அறிவோம். கணினித் துறையிலும் அச்சொல்லைப் பயன்படுத்துவது பொருத்தமானதே. ஏனெனில் 1988 இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பும் சர்வதேச நியமங்கள் அமைப்பும் இணைந்து வெளியிட்ட எக்ஸ்.500 என்னும் நியமம், தொலைத்தொடர்புத் துறையின் தேவைகளிலிருந்தே தோன்றியது. ஆட்கள், அலுவலகங்கள், இயந்திரங்கள் ஆகியவற்றின் பெயர்களையும் பண்புகளையும் ஒரு மரத்தின் கிளைகளைப் போல் ஒழுங்குபடுத்தி வைப்பது அதன் அடிப்படை. அது கனதியானதாக இருந்தமையால், அதனை எளிதில் அணுகுவதற்கென மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டப் என்னும் இலகுவான நெறிமுறை உருவாக்கப்பட்டு 1993 இல் வெளியிடப்பட்டது. இவ்விரண்டும் பொதுவில் வைக்கப்பட்ட நியமங்கள் என்பது கவனத்துக்குரியது.

2000 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 2000 உடன் அக்டிவ் டிரெக்டரியை வெளியிட்டது. எல்டப்பையும், மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கேர்பரோஸ் என்னும் அடையாள உறுதிப்பாட்டு முறையையும் தன்னுள் சேர்த்துக்கொண்ட இவ்விபரக்கொத்து, நிறுவனத்தின் சொந்தக் கட்டடத்தில், சொந்தச் சேவரில் இயங்கியது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளக்கூடிய பதிவேடு அது. 2013 இல் அதே நிறுவனம் தனது மேகச் சேவையான அஷூரில் இன்னொரு விபரக்கொத்தைப் பொதுப் பாவனைக்கு விட்டது. 2023 இல் அதன் பெயர் மைக்ரோசொப்ட் என்ட்ரா ஐடி என மாற்றப்பட்டது.

மேகம் என்ற உருவகம் மயக்கந் தருவது. வானில் எதுவும் இல்லை. இன்னொருவருக்குச் சொந்தமான கட்டடத்தில், இன்னொருவருக்குச் சொந்தமான இயந்திரங்களில், எமது பதிவேடு சந்தா அடிப்படையில் வைக்கப்பட்டுள்ளது என்பதே உண்மை. எமது பிரதேசத்து நெற்காணி உறவு இதனை விளங்கிக்கொள்ள உதவும். காணி போடியாருடையது, விதைப்பும் காவலும் அறுவடையும் முல்லைக்காரனுடையவை. மேக விபரக்கொத்திலும் பெயர்களை இடுவது, பிழைகளைத் திருத்துவது, விலகிச் சென்றோரை நீக்குவது ஆகிய அன்றாட உழைப்பு முழுவதும் நிறுவனத்தின் ஊழியருடையது. அவ்வுழைப்பு படியும் நிலம் மட்டும் வேறொருவருடையது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டவேண்டியதில்லை. எனினும் சொத்துறவின் வடிவம் மாறிவிட்டது என்பதை இது தெளிவுபடுத்தும்.

3

ஒரு கணினி மேக விபரக்கொத்துடன் கொள்ளும் உறவு மூவகைப்படும். தனியாளுக்குச் சொந்தமான கருவி அலுவலகத் தேவைக்காகப் பெயர் கொடுத்து வைப்பது முதலாவது. நிறுவனத்தின் கணினி நேரடியாகவே மேகத்தில் சேர்வது இரண்டாவது. உள்ளூர் விபரக்கொத்தில் ஏற்கெனவே உறுப்பாயுள்ள கணினி மேகத்திலும் பதியப்படுவது மூன்றாவது. இதனைக் கலப்பு இணைப்பு எனலாம். பழைய சேவர்களைக் கைவிட இயலாத, புதிய சேவைகளையும் தவிர்க்க இயலாத நிறுவனங்கள் இம்மூன்றாவது வழியையே பெரிதும் நாடுகின்றன. சோதனை அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான்.

கலப்பு இணைப்பின் நடைமுறை பின்வருமாறு அமையும். உள்ளூர் விபரக்கொத்தில் ஓரிடத்தில் மேகத்திலுள்ள நிறுவனத்தின் அடையாளம் எழுதி வைக்கப்படும். கணினி அதனை வாசித்து, தான் எந்த மேகப் பதிவேட்டிடம் செல்லவேண்டும் என்பதை அறிந்துகொள்ளும். பின்னர் அது தனக்கென ஒரு சோடிச் சாவியை ஆக்கிக்கொள்ளும். ஒன்று தனிச்சாவி, அது கணினியை விட்டு வெளியேறக் கூடாது, வசதியிருப்பின் அதற்கெனப் பொருத்தப்பட்ட பாதுகாப்புச் சில்லில் வைக்கப்படும். மற்றையது பொதுச்சாவி, அதனை உள்ளடக்கிய ஒரு சான்றிதழைக் கணினி தானே எழுதி, உள்ளூர் விபரக்கொத்தில் தன் பெயருக்கு நேரே பதித்துவிடும். இடையிலுள்ள ஒத்திசைவு மென்பொருள் அப்பதிவை மேகத்துக்குக் கொண்டுசெல்லும். வழக்கமான இடைவெளி 30 நிமிடங்கள். அதன்பின் கணினி மேகத்தின் வாசலுக்குச் சென்று, தனிச்சாவி தன்னிடமே உள்ளது என்பதை நிரூபிக்கும். பதிவேட்டில் முன்னரே வந்து சேர்ந்துள்ள சான்றிதழுடன் அது பொருந்துமாயின், கணினிக்குப் புதிய சான்றிதழ் ஒன்று வழங்கப்படும். பதிவு முற்றுப்பெற்றது.

இங்கே இரு பாதைகள் இருப்பதை அவதானிக்க வேண்டும். சேவரிலிருந்து மேகத்துக்குச் செல்லும் ஒத்திசைவுப் பாதை ஒன்று. ஒவ்வொரு கணினியிலிருந்தும் மேகத்துக்குச் செல்லும் பதிவுப் பாதை மற்றொன்று. முதலாவது திறந்திருந்து இரண்டாவது மூடியிருந்தால், பதிவேட்டில் கணினியின் பெயர் தோன்றும். ஆயின் அது காத்திருப்பு நிலையிலேயே கிடக்கும். முதலாவது தாமதித்தால், கணினி வாசலுக்குப் போயும் 'உன்னை எமக்குத் தெரியாது' என்ற மறுமொழியுடன் திரும்பும். பெயர் தெரிகிறதே, பதிவு முடிந்துவிட்டது என்று எண்ணுவது முதல் தவறு. ஒரு தடவை மறுக்கப்பட்டதால் வழி மூடியுள்ளது என்று முடிவுசெய்வது இரண்டாவது தவறு.

4

சோதனையை எவ்வாறு நடத்துவது? எமது வயல்களுக்கு இங்கினியாகலை அணையில் தேங்கும் கல்லோயா நீர் வாய்க்கால் வழியே வருகிறது. கடைமடையில் நீர் வராதபோது வட்டை விதானை அணையைப் பற்றி முறையிட்டுக்கொண்டு நிற்பதில்லை. வயலின் வாயிலிலிருந்து வாய்க்காலைப் பற்றிக்கொண்டு மேலே நடப்பார். எந்த மடை வரையில் நீர் நிற்கிறது என்பதைக் கண்டறிவார். வலையிணைப்புச் சோதனையின் முறையியலும் இதுவே. முழு வழியையும் ஒரே வினாவாகக் கேட்காமல், படிப்படியாகக் கேட்கவேண்டும்.

முதற்படி கணினிக்குள்ளேயே உள்ளது. அது உள்ளூர் விபரக்கொத்தின் உறுப்பா, அதன் சேவரைக் காணக்கூடிய நிலையில் உள்ளதா, அதன் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்பன பார்க்கப்பட வேண்டும். கடிகாரம் அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆயின் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கேர்பரோஸ் முறையோ வழக்கமாக 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுப்பதில்லை. உள்மின்கலம் செயலிழந்த பழைய கணினிகள், நீண்ட மின்வெட்டுக்குப் பின் பல ஆண்டுகள் பின்தங்கிய திகதியுடன் விழித்தெழுவதுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்டில் இது கற்பனையான இடர் அன்று.

இரண்டாம்படி பெயர். கலப்புப் பதிவுக்குக் கணினி எட்டவேண்டிய முகவரிகள் சிலவே. பதிவை ஏற்கும் 'என்டர்பிரைஸ்ரெஜிஸ்ட்ரேஷன்.விண்டோஸ்.நெட்', அடையாளத்தை உறுதிசெய்யும் 'லொகின்.மைக்ரோசொப்ட்ஒன்லைன்.கொம்', கருவியின் சான்றிதழைச் சோதிக்கும் 'டிவைஸ்.லொகின்.மைக்ரோசொப்ட்ஒன்லைன்.கொம்' ஆகிய மூன்றும் கட்டாயமானவை. ஒருமுறை உள்நுழைந்தபின் மீண்டும் கடவுச்சொல் கேட்காத வசதியைப் பயன்படுத்துவோர்க்கு நான்காவது முகவரி ஒன்றும் உண்டு. இப்பெயர்களை இலக்க முகவரிகளாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கவேண்டும். பெயரே தெரியாதவிடத்து வழியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மூன்றாம்படி வாசல். இம்முகவரிகள் யாவும் 443 ஆம் இலக்க வாசலினூடாக மறைகுறியிட்ட தொடர்பையே ஏற்கின்றன. 'பிங்' என்னும் கட்டளையை அனுப்பி மறுமொழி வருகிறதா என்று பார்ப்பது எமது ஆய்வுகூடங்களில் வேரூன்றிய பழக்கம். அது இங்கே போதாது. 'பிங்' செல்வது வேறொரு நெறிமுறையில். அதற்கு மறுமொழி வந்தும் 443 ஆம் வாசல் மூடியிருக்கலாம். மறுமொழி வராமலும் வாசல் திறந்திருக்கலாம். எனவே குறித்த முகவரியின் குறித்த வாசலையே தட்டிப் பார்க்கவேண்டும். ஒரு முகவரி திறந்திருப்பது மற்றையவற்றுக்குச் சான்றாகாது என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

நான்காம்படி இடையீடு. பல நிறுவனங்களின் பயர்வோல், உள்ளே வரும் மறைகுறித் தொடர்பைத் தானே பிரித்து வாசித்து, மீண்டும் ஒட்டி அனுப்புகிறது. கடிதத்தை நீராவியில் பிரித்துப் படிக்கும் பழைய தணிக்கையாளரின் வேலை. சாதாரண இணையப் பக்கங்களுக்கு இதனால் இடையூறு தோன்றுவதில்லை. ஆயின் கருவியின் சான்றிதழைக் கேட்கும் முகவரியில் இது பதிவை முறித்துவிடும். அங்கே கணினி தன் தனிச்சாவியைக் கொண்டு நேருக்கு நேர் சாட்சி கூறவேண்டும், இடையில் நிற்பவரிடம் அச்சாவி இல்லை, இருக்கவும் கூடாது. ஆகவே மறுமுனையிலிருந்து வரும் சான்றிதழை யார் வழங்கியுள்ளார் என்று பார்க்கவேண்டும். அங்கே எமது சொந்தப் பயர்வோலின் பெயர் காணப்படுமாயின், நோயின் இடம் தெரிந்துவிட்டது. அம்முகவரியைப் பிரித்து வாசிப்பதிலிருந்து விலக்குவதே மருந்து.

ஐந்தாம்படியே மிகவும் தவறவிடப்படுவது. சோதனையை யாருடைய பெயரில் நடத்துவது? நாம் ஓர் ஆய்வுகூடத்தை எண்ணிக்கொள்வோம். உத்தியோகத்தர் ஒருவர் தன் பெயரில் உள்நுழைந்து, உலாவியைத் திறந்து, மேற்கூறிய முகவரிகளுக்குச் செல்கிறார். மறுமொழி வருகிறது. 'இணைப்பில் குறையில்லை' என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். எனினும் ஒரு கணினியும் பதிவாகவில்லை. காரணம் எளிது. பதிவுசெய்யும் பணியை விண்டோஸ் அவர் பெயரில் நடத்துவதில்லை. 'சிஸ்டம்' எனப்படும் கணினியின் சொந்தக் கணக்கிலேயே நடத்துகிறது. நிறுவனத்தின் புரொக்ஸி உத்தியோகத்தரை அறியும். அவரது கடவுச்சொல்லை ஏற்று வழிவிடும். கணினியை அது அறியாது. மேலும் உலாவியில் எழுதி வைத்த புரொக்ஸி விபரம் அந்த ஆளுக்கே உரியது. கணினியின் சொந்தக் கணக்கு வேறிடத்தில் தேடுகிறது. அங்கே ஒன்றும் எழுதப்படவில்லை.

யுத்த காலத்தில் எமது வீதிகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன. அட்டை காட்டிக் கடந்தவருக்கு வீதி திறந்திருந்தது; அட்டையற்றவருக்கு அதே வீதி, அதே நேரத்தில், மூடியிருந்தது. வீதி திறந்துள்ளதா என்ற கேள்விக்கு 'யாருக்கு?' என்ற எதிர்க்கேள்வியின்றி விடை இல்லை. வலையிணைப்பும் அவ்வாறே. ஆதலால் சோதனையைக் கணினியின் சொந்தக் கணக்கிலேயே இயக்கவேண்டும். மைக்ரோசொப்ட் இதற்கென வெளியிட்டுள்ள சிறு நிரலும் அவ்வாறே செய்கிறது. மேற்கூறிய முகவரிகளைக் கணினியின் பெயரில் தட்டிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகிறது.

இறுதிப்படி விடையை வாசித்தல். 'டிஎஸ்ரெக்சிஎம்டி' என்னும் கட்டளையை நிலைமை காட்டும்படி ஏவினால், கணினி உள்ளூரில் சேர்ந்துள்ளதா, மேகத்தில் சேர்ந்துள்ளதா என்பதை அது தனித்தனியே கூறும். தோல்வியுற்றிருப்பின் எந்தக் கட்டத்தில் தோற்றது என்பதையும் கூறும். முன்சோதனை, கண்டறிதல், அடையாள உறுதிப்பாடு, சேர்தல் என்பன அந்நான்கு கட்டங்கள். முன்சோதனையில் தோற்றால் உள்ளூர்ச் சேவரை நோக்கித் திரும்பவேண்டும்; கண்டறிதலில் தோற்றால் நிறுவன அடையாளம் எழுதப்பட்ட இடத்தையும் வாசல்களையும் பார்க்கவேண்டும்; உறுதிப்பாட்டில் தோற்றால் நிறுவனத்தின் அடையாளச் சேவையையும் அதற்கான வழியையும் ஆராயவேண்டும்; சேர்தலில் தோற்றால் ஒத்திசைவையும், சான்றிதழ் வந்து சேர்ந்ததா என்பதையும் ஐயுறவேண்டும். வட்டை விதானை நின்ற மடை எது என்பது இவ்வாறு தெரிந்துவிடும்.

5

இதுவரை கூறியது நடைமுறை. இனி அதன் பொருளை நோக்குவோம்.

முதலாவதாக, மேகப் பதிவேட்டை எதிர்க்கும் உணர்ச்சியில் உள்ளூர்ப் பதிவேட்டைக் காவியமாக்கிவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு நேர்ந்த மாவட்டம் அம்பாறையே. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு பிறப்புச் சான்றுகளும் காணி உறுதிகளும் அடையாள அட்டைகளும் கடலோடு போயின. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக வைக்கப்பட்ட பதிவு எவ்வளவு நொய்தானது என்பதை அன்று கண்டோம். 2023 இல் இலங்கை அரசின் சொந்த மேகச் சேவை ஆகஸ்ட் 26 ஆம் திகதி கப்பத் தாக்குதலுக்கு உள்ளாகியபோது, மே 17 முதல் அன்று வரையிலான மின்னஞ்சல்கள், மாற்றுப்பிரதி இன்மையால் மீட்க இயலாது போயின. சொந்த நாட்டில் வைத்திருப்பது மட்டும் காவலாகாது.

அவ்வாறாயின் பெரு நிறுவனத்தின் மேகம் காவலாகுமா? 2021 மார்ச் 15 ஆம் திகதி மைக்ரோசொப்டின் இதே மேக விபரக்கொத்து ஏறத்தாழ 14 மணித்தியாலம் தடுமாறியது. கையொப்பச் சாவிகளைக் காலத்துக்குக் காலம் மாற்றும் தன்னியக்க நடைமுறை, நீக்காமல் வைத்திருக்கும்படி குறிக்கப்பட்ட ஒரு சாவியைத் தவறுதலாக நீக்கிவிட்டது. உலகெங்கும் பாவனையாளர் தமது சொந்தக் கோப்புகளுக்குள் நுழைய இயலாது நின்றனர். அப்போது எமது வாய்க்கால்கள் யாவும் சீராக இருந்திருப்பினும் பயனில்லை, அடைபட்டது தலைமடை. எமது சோதனை எவ்வளவு நுணுக்கமானதாயினும், அது எமது பக்கத்து வழியை மட்டுமே சோதிக்கிறது. மறுபக்கத்தைச் சோதிக்கும் உரிமை எமக்கில்லை. இவ்வெல்லையை உணர்வது அவசியம்.

இரண்டாவதாக, பதிவேட்டில் இருப்பன வெறும் இயந்திரப் பெயர்கள் அல்ல. எந்தக் கணினியில், யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார் என்பது அதில் சேர்கிறது. 2018 இல் ஐக்கிய அமெரிக்கா நிறைவேற்றிய சட்டமொன்று, அந்நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டில் வைத்திருக்கும் தரவுகளையும், சட்ட ஆணை பிறப்பிக்கப்படுமிடத்து, ஒப்படைக்கவேண்டும் என்கிறது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இரு சட்டங்களுக்கும் இடையில் நிற்பவர் கல்முனையிலுள்ள மாணவரும் எழுதுவினைஞரும் ஆவர். 2019 ஏப்ரல் நிகழ்வுகளின் பின்னர் முழுச் சமூகமும் ஐயத்தோடு நோக்கப்பட்ட ஓர் ஊரில், யாருடைய பதிவு யாரிடம் உள்ளது என்னும் வினா கல்விசார் ஆர்வத்தால் மட்டும் எழுவதன்று.

மூன்றாவதாக, அறிவின் உடைமை. பொது நியமங்களின் மேல் எழுப்பப்பட்ட அக்டிவ் டிரெக்டரியின் உள்நெறிமுறைகள் நீண்டகாலம் வெளியாருக்கு மறைக்கப்பட்டிருந்தன. அண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1992 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய சம்பா என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சி, கம்பியில் ஓடும் செய்திகளைக் கூர்ந்து கவனித்தே அந்நெறிமுறைகளை ஊகித்தறிந்தது. ஐரோப்பிய ஆணையம் 2004 இல் மைக்ரோசொப்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, ஒன்றோடொன்று இயங்குவதற்கான விபரங்களை வெளியிடுமாறு பணித்தது. 2007 செப்ரெம்பரில் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் சம்பா குழுவினருக்காக 10,000 யூரோ செலுத்தி அவ்வாவணங்கள் பெறப்பட்டன. 2012 டிசம்பரில் வெளிவந்த சம்பாவின் நான்காம் பதிப்பு, உள்ளூர் விபரக்கொத்தின் சேவராகத் தானே இயங்கவல்லதாயிற்று. தொழில்நுட்பம் இயற்கையாகவே மூடியதன்று. மூடப்படுவதும் திறக்கப்படுவதும் சமூகப் போராட்டத்தின் விளைவுகள் என்பதற்கு இது தெளிவான சான்று.

வேறொரு அமைப்பும் எம் கண்முன் உண்டு. பல்கலைக்கழகங்களிடையே வழங்கும் எடியூரோம் முறையில், ஒருவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும் அவரது அடையாளத்தை உறுதிசெய்வது அவரது சொந்த நிறுவனமே. வினா பயணம் செய்கிறது. பதிவேடு தன் வீட்டிலேயே இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு இதனை வழங்குகிறது. ஒத்துழைப்புக்கு ஒரே உடைமையாளர் தேவை என்பது இயற்கை விதியன்று என்பதை இவ்வனுபவம் காட்டுகிறது.

6

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபுகள் சில. மேகப் பதிவை ஏற்பதா மறுப்பதா என்பது பல நிறுவனங்களில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வரவுசெலவும் ஆளணியும் அம்முடிவை எடுத்துவிட்டன. ஆகவே ஏற்றவர்கள் செய்யவேண்டியவை யாவை என்று கேட்பதே பயனுடையது. கணினிகளை மொத்தமாகப் பதிய முன் ஒரு சிலவற்றில் மேற்கூறிய படிகளைக் கணினியின் சொந்தப் பெயரில் சோதிக்கவேண்டும்; புரொக்ஸியோ பயர்வோலோ மாற்றப்படும் ஒவ்வொரு தடவையும் அதனைத் திருப்பிச் செய்யவேண்டும். மேகம் எட்டாத நாளில் உள்ளே நுழைவதற்கான அவசர வழி ஒன்று எழுத்தில் இருக்கவேண்டும். பதிவேட்டின் பிரதி எமது கையில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், கடல்மட்டத்தை நினைவிற் கொண்டு வைக்கப்பட வேண்டும். வெளியேற விரும்பின் எவ்வாறு வெளியேறுவது என்பதை உள்நுழையும்போதே கேட்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இச்சோதனையைச் செய்பவர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில் பணியாற்றும் இளம் தொழில்நுட்ப உதவியாளர். அவர் கண்டறிந்த காரணங்கள் அவரது மனத்திலேயே தங்கிவிடுகின்றன. அவர் கட்டாருக்கோ துபாய்க்கோ புறப்படும் நாளில் அவ்வறிவும் விமானம் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு தோல்வியும் அதன் காரணமும் தமிழில் எழுதி வைக்கப்பட்டால், அடுத்து வருபவர் மீண்டும் கடைமடையிலிருந்து நடக்கவேண்டியதில்லை. சாய்ந்தமருதுக்குத் தெற்கே அடுத்த ஊரான காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள், 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழில் சொல்லலாமா என்ற வினாவுக்கு அப்போதே செயலால் விடையளிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியுள்ளது, அன்றாட வேலையின் அறிவைத் தமிழில் எழுதி, வேலை செய்வோரின் பொதுச்சொத்தாக வைப்பதே.

பதிவேடு எங்கே இருக்கவேண்டும் என்பதை இன்று எமது ஊர்கள் தீர்மானிக்கவில்லை. ஆயின் அதற்குச் செல்லும் வழியை மடை மடையாக அறிந்தவர்கள், நாளை அவ்வினாவை எழுப்பும்போது வெறும் முறைப்பாட்டோடு நிற்கமாட்டார்கள். சோதனையின் பயன், கணினிகள் பதிவாவதோடு முடிந்துவிடுவதில்லை.